ரைன் நதியும் கரையோர வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரைன் எங்கே பிறந்து எங்கே கடலில் சேர்கிறது?

சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில் ஓபரால்ப் கணவாய்க்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,345 மீட்டர் உயரத்தில், தோமா என்ற சிறிய ஏரி இருக்கிறது. அங்கிருந்து வருவது முன் ரைன். தெற்கே வேறொரு மலைப் பள்ளத்தாக்கிலிருந்து வருவது பின் ரைன். இரண்டும் ரைஷனவ் என்ற ஊரில் கூடுகின்றன. பிறகு லிக்டன்ஸ்டைன், ஆஸ்திரிய எல்லைகளை ஒட்டி ஓடி கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் புகுந்து வெளியே வருகிறது. ஷாஃப்ஹவுசனில் 23 மீட்டர் உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வடக்கே திரும்பியதும் ஒரு கரை பிரான்ஸ், மறுகரை ஜெர்மனி. இன்னும் கீழே போனால் இரு கரைகளும் ஜெர்மனிதான். நெதர்லாந்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே கிளைகளாகப் பிரிந்து, வால், நேடர்ரைன், ஐசல் என்று பெயரும் மாறி, பெரும்பங்கு நீர் ரோட்டர்டாம் பக்கமாக வடகடலில் சேர்கிறது.

நீளம் 1,320 கிலோமீட்டரா, 1,230 கிலோமீட்டரா?

ஏறக்குறைய 1,230. பல பத்தாண்டுகளாகப் பாடப்புத்தகங்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் 1,320 என்றே இருந்தது. எப்போதோ யாரோ இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வேண்டும் என்று 2010-இல் கொலோன் பல்கலைக்கழக உயிரியலாளர் புரூனோ கிரெமர் எடுத்துக்காட்டினார். பழைய புத்தகங்களைப் பார்த்து எழுதும் தளங்களில் தவறான எண் இன்னும் காணப்படுகிறது.

ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுமா?

ஓடும். கோடையில் ஆல்ப்ஸ் மலையின் பனி உருகி வருகிறது. குளிர்காலத்தில் கீழ்ப்பகுதிக் குன்றுகளில் பெய்யும் மழை துணையாறுகள் வழியே சேர்கிறது. ஒன்று குறையும் பருவத்தில் மற்றது கைகொடுக்கும். நடுவே கான்ஸ்டன்ஸ் ஏரி மேலிருந்து வரும் நீரைத் தேக்கி மெல்ல விடுகிறது. ஜெர்மன்–டச்சு எல்லையிலுள்ள லோபித் என்ற ஊரில் சராசரியாக விநாடிக்கு சுமார் 77,000 கன அடி ஓடுகிறது. 1995 வெள்ளத்தில் அது நாலு லட்சம் கன அடியைத் தாண்டியது. 2018 வறட்சியில் 26,000 கன அடி அளவுக்கு இறங்கியது. இந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றியும் கீழே வரும்.

இத்தனை நாடுகள் வழியே ஓடும் ஆற்றில் கப்பல் விட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? வரி உண்டா?

கப்பலுக்கும் மாலுமிக்கும் உரிய சான்றிதழ் இருக்க வேண்டும். சுங்கம் கிடையாது. ஆனால் பல நூற்றாண்டுகள் நிலைமை நேர்மாறாக இருந்தது. ஒவ்வொரு சிற்றரசரும் ஆயரும் தன் எல்லைக்குள் கப்பலை நிறுத்திப் பணம் பிடுங்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் கரையோரக் கோட்டைகளில் பல, அந்த வசூலோடு தொடர்புடையவை. காவுப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவிலேயே நிற்கும் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் கோட்டையை 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது சுங்கம் வாங்கவே.

1815 வியன்னா மாநாட்டில் ரைன் கப்பல் போக்குவரத்துக்கான மைய ஆணையம் உருவானது. இன்றும் இயங்கும் பன்னாட்டு அமைப்புகளில் இதுவே மிகப் பழையது. இப்போது ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கிறது. 1868-இல் கையெழுத்தான மான்ஹைம் உடன்படிக்கை, ரைனில் கப்பல் விடுவதற்காக மட்டும் எவரிடமும் வரி வாங்கக் கூடாது என்று உறுதி செய்தது. அதன் பிறகு இதே கரைகளில் மூன்று பெரிய போர்கள் நடந்தன. உடன்படிக்கை அவற்றையும் தாண்டி இன்றுவரை நிற்கிறது. ரைனைப் பற்றிப் பேசும்போது கோட்டைகளுக்கு முன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

சரக்குக் கப்பல்களில் உண்மையிலேயே குடும்பங்கள் வாழ்கின்றனவா?

வாழ்கின்றன, ஆனால் முன்பைவிடக் குறைவு. ரைனில் இரண்டு வகைக் கப்பல்காரர்கள். ஒரு வகை, நிறுவனங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். இரண்டு வாரம் கப்பலில், இரண்டு வாரம் வீட்டில் என்பது போன்ற முறை. இன்னொரு வகை, சொந்தக் கப்பல் வைத்திருப்பவர்கள். இவர்களில் டச்சுக்காரர்கள் மிக அதிகம். கணவன் சுக்கான் பிடிக்க, மனைவியும் மாலுமிச் சான்றிதழோடு முறை மாற்றிக்கொள்வார். கப்பலின் பின்பகுதிதான் வீடு. ஜன்னலில் பூந்தொட்டியும் சரிகைத் திரையும் தெரியும். மேல்தளத்தில் சொந்தக் கார் நிற்கும். துறையில் கட்டியதும் கப்பலிலுள்ள சிறிய கிரேனால் அதைக் கரையில் இறக்கிக் கடைக்குப் போய் வருவார்கள். குழந்தை இருக்கும் கப்பலில் தளத்தின் மேல் கம்பி வேலி அடைத்து விளையாட இடம் விட்டிருப்பார்கள்.

பிள்ளைக்குப் பள்ளி வயது வரும்போதுதான் கஷ்டம் தொடங்கும். இன்று டூயிஸ்பூர்க், நாளை மான்ஹைம் என்று போகும் வீட்டிலிருந்து எந்தப் பள்ளிக்கு அனுப்புவது? அதற்காகவே கப்பல்காரர் பிள்ளைகளுக்கான விடுதிகள் துறைமுக நகரங்களில் உண்டாயின. ஆறு வயதில் விடுதிக்குப் போய், வார இறுதியில் அப்பாவின் கப்பல் எந்த ஊரில் நிற்கிறதோ அங்கே போய்ச் சேர்வது தலைமுறை தலைமுறையாக வழக்கமாக இருந்தது. இப்போது பல குடும்பங்களில், பிள்ளை பள்ளியில் சேரும் ஆண்டிலேயே அம்மா கரையில் வீடெடுத்துத் தங்கிவிடுகிறார். ஆற்றிலிருந்து குடும்பங்கள் விலகியதற்குச் சரக்குக் கட்டணப் போட்டியும் வங்கிக் கடனும் காரணம்தான். என்றாலும் பள்ளிக்கூடத்தின் பங்கு அதைவிடக் குறைவென்று சொல்லிவிட முடியாது.

வழக்கமான கப்பல் 110 மீட்டர் நீளம். மூவாயிரம் டன் அளவுக்குச் சரக்கு ஏற்றும். ரோட்டர்டாமிலிருந்து டூயிஸ்பூர்க் எஃகு ஆலைகளுக்கு இரும்புத் தாது கொண்டுவரும் தள்ளுகப்பல்கள் ஆறு மிதவைகளைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வருவதும் உண்டு. எதிரெதிரே வரும் இரண்டு கப்பல்கள் வழக்கத்துக்கு மாறான பக்கத்தில் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால், நடுவில் வெள்ளை விளக்கு மின்னும் ஒரு நீலப் பலகையைக் காட்டும். கரையில் நின்று பார்ப்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

கரையில் எண்கள் எழுதிய பெரிய வெள்ளைப் பலகைகள் எதற்கு?

கிலோமீட்டர் கணக்கு. கான்ஸ்டன்ஸ் நகரின் பழைய பாலத்தில் பூஜ்யம் தொடங்கி, கடலோரம் ஆயிரத்தைத் தாண்டும். காவுப் 546, கொலோன் 688. தீயணைப்பு, மீட்புப் படையினரும் இந்த எண்ணை வைத்தே இடம் கண்டுபிடிக்கிறார்கள்; கரையோரம் நடப்பவர்கள் பக்கத்துப் பலகையின் எண்ணைக் கவனித்து வைத்துக்கொள்வது நல்லது.

பாசல் நகரில் மோட்டார் இல்லாமல் படகு ஆற்றைக் கடக்கிறதாமே, எப்படி?

ஆற்றின் குறுக்கே உயரத்தில் இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள். அதில் ஓடும் உருளையிலிருந்து ஒரு கயிறு படகுக்கு இறங்குகிறது. படகோட்டி சுக்கானையும் கயிற்றையும் கொஞ்சம் திருப்பிப் படகைச் சாய்வாக நிறுத்துவார். ஓட்டம் சாய்ந்த பக்கத்தில் மோதும். படகு கீழே போகக் கயிறு விடாது. ஆகவே பக்கவாட்டில் நகர்ந்து அக்கரை சேரும். திரும்பி வர எதிர்ப்பக்கம் சாய்த்தால் போதும். என்ஜின் இல்லை, துடுப்பு இல்லை, சத்தமும் இல்லை. முதல் படகு 1854-இல் ஓடியது. இப்போது நகருக்குள் இப்படி நாலு படகுகள் இருக்கின்றன. பாலங்கள் அருகிலேயே இருக்கின்றன, விரைவாகவும் போகலாம். ஆனாலும் ஊர்க்காரர்கள் இவற்றைக் கைவிடவில்லை.

கோடையில் பாசல்காரர்கள் வேலை முடிந்ததும் ஆற்றில் இறங்கி, ஓட்டத்தோடு நகரின் ஊடாக மிதந்து போவதும் உண்டு. மீன் வடிவில் தைத்த, நீர் புகாத பையில் துணி, செருப்பு, செல்பேசியைப் போட்டு வாயைச் சுருட்டிக் கட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பையின் பெயர் விக்கல்ஃபிஷ். நீந்துவதற்கு, வலக்கரையிலுள்ள சிறு பாசல் என்ற நகரப் பகுதியின் கரையோரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கப்பல்கள் போகும் பக்கம் போகக் கூடாது.

அப்படியானால் ஜெர்மனியிலும் ரைனில் நீந்தலாமா?

வேண்டாம். கொலோன், டூசல்டார்ஃப் பக்கம் ஆறு அகலமாக, அமைதியாகத் தெரியும். அடியில் ஓட்டம் பலமானது. கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளின் பின்னால் சுழல் உண்டாகும். பெரிய கப்பல் கடக்கும்போது முதலில் கரையோரத் தண்ணீரை உள்ளே இழுத்து, பிறகு அலையாகத் திருப்பி அனுப்பும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் குழந்தையின் கால் அதில் நிலைகொள்ளாது. ஆண்டுதோறும் சாவுகள் நடக்கின்றன. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய, ஆற்றைப் பழகாத இளைஞர்களும் அதில் இருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரைன் ஏன் வரைபடத்தில் கால்வாய் மாதிரி நேராக இருக்கிறது?

பாசலுக்குக் கீழே அது மனிதர் செய்த ஆறு. 1800 வரை அங்கே ஒரே ஆறு என்று சொல்ல எதுவும் இல்லை. பல கிலோமீட்டர் அகலத்துக்குக் கிளைகளும் திட்டுகளும் சதுப்பும் நாணல் காடுமாகப் பரந்து கிடந்தது. ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் ஆறு இடம் மாறும். சில ஊர்கள் அடித்துக்கொண்டு போய் வேறிடத்தில் மீண்டும் கட்டப்பட்டன. மலேரியா நிரந்தரமாக இருந்தது. கவிஞர் ஷில்லர்கூட 1783-இல் மான்ஹைமில் அந்தக் காய்ச்சலில் விழுந்தார்.

பாடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் காட்ஃப்ரீட் துல்லா, வளைவுகளை வெட்டி ஆற்றை ஒரே தடத்தில் அடக்கும் திட்டத்தை 1817-இல் தொடங்கினார். மண்வெட்டியும் கூடையும் கொண்டு வாய்க்கால் தோண்டி விடுவார்கள். மீதியை ஆற்றின் வேகமே அறுத்து அகலமாக்கும். மீன் துறையும் மேய்ச்சலும் போய்விடும் என்று பயந்த க்னீலிங்கன் ஊர்க்காரர்கள் எதிர்த்தபோது படைவீரர் காவலோடு வேலை நடந்தது. துல்லா 1828-இல் பாரிசில் இறந்துவிட்டார். வேலை 1876 வரை தொடர்ந்தது. பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் இடையே ஆறு சுமார் 80 கிலோமீட்டர் குறைந்தது.

இது நல்லதா கெட்டதா என்று ஒரே சொல்லில் கேட்பவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. காய்ச்சல் குறைந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். ஊர்கள் நிலைத்தன, வயல்கள் விரிந்தன. அதே சமயம், நேரான ஆறு வேகம் பிடித்துத் தன் படுகையையே அரித்து ஆழமாக்கிக்கொண்டது. நிலத்தடி நீர் கூடவே இறங்கி, கரையோரக் காடுகள் காய்ந்தன. சரளையைச் சலித்துப் பொன் துகள் எடுத்துப் பிழைத்தவர்களின் தொழில் அழிந்தது, ஏனென்றால் பொன் தங்கும் திட்டுகளே இல்லாமல் போயின. 20-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் மின்சாரத்துக்காகப் பெரிய அல்சாஸ் கால்வாயையும் அணைகளையும் கட்டியபோது (முதலாவது, கெம்ப்ஸ், 1932) மீதியிருந்த ஈரநிலங்களும் சுருங்கின. மேலே தங்க இடமில்லாத வெள்ளம் முன்பைவிட விரைவாகக் கீழே கொலோனுக்கு வந்து சேர ஆரம்பித்தது.

1986-இல் ஆறு சிவப்பாக ஓடியது என்பது உண்மையா?

உண்மை. 1986 நவம்பர் 1 அதிகாலை, பாசலை அடுத்த ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு தீப்பிடித்தது. நகரத்தில் சங்கு ஊதியது. ஜன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். அழுகல் நாற்றம் ஊரைச் சூழ்ந்தது. தீயை அணைக்கப் பீய்ச்சிய தண்ணீர், கிடங்கிலிருந்த பூச்சிக்கொல்லிகளில் பல டன்னைக் கரைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது. கூடவே கிடங்கிலிருந்த சாயப்பொருளால் தண்ணீர் சிவந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கீழே லோரலை பாறைவரை விலாங்குகள் செத்து மிதந்தன. அவை மட்டும் ஒன்றரை லட்சம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். கீழேயுள்ள நாடுகளுக்கு முறையான எச்சரிக்கை போகவும் தாமதமானது. நெதர்லாந்தில் குடிநீர் எடுப்பதை நிறுத்தி வைத்தார்கள்.

அந்த ஒரே விபத்துதான் ஆற்றைக் கெடுத்தது என்று நினைத்தால் பாதிக் கதைதான் தெரியும். ஏற்கெனவே 1969-இல் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லி கலந்து மீன்கள் கூட்டமாகச் செத்திருந்தன. 1970-களின் தொடக்கத்தில் சாக்கடையாலும் ஆலைக் கழிவாலும் ஆக்சிஜன் இல்லாமல் சில பகுதிகளில் உயிரே அருகிவிட்டது. அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கங்கள் கொட்டிய உப்பு, டச்சுத் தோட்டக்காரர்களின் பாசன நீரை உவர்ப்பாக்கியது. ரைன் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 1950-லேயே பாசலில் கூடியிருந்தாலும், அது பல ஆண்டுகள் பேச்சோடு நின்றது. 70-களில் சுத்திகரிப்பு நிலையங்கள் எழத் தொடங்கியதும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தது. 1986 செய்தது என்னவென்றால், கரையிலிருந்த ஒவ்வொரு அரசுக்கும் சாக்குச் சொல்ல வழியில்லாமல் ஆக்கியது. அடுத்த ஆண்டே ரைன் செயல்திட்டம் வந்தது. அதன் இலக்கு சாதாரண மக்களுக்கும் புரியும்படி இருந்தது: 2000-ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் திரும்ப வேண்டும்.

சால்மன் திரும்பியதா?

பாதி வழி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் பிடிபட்ட மீன் அது, 1950-களோடு அற்றுப்போனது. சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறி மலையோரச் சரளைக்கு வர வேண்டிய மீன். தண்ணீர் சுத்தமானால் மட்டும் போதாது, ஏற வழியும் வேண்டும். வேறு ஆறுகளின் குஞ்சுகளைத் துணையாறுகளில் விட்டு வளர்த்தார்கள். 1990-இல் சீக் என்ற துணையாற்றுப் பக்கம் முதல் மீன் திரும்பி வந்தது. இஃபெட்ஸ்ஹைம் அணையில் 2000-இலும், காம்ப்ஸ்ஹைமில் 2006-இலும், ஸ்ட்ராஸ்பூர்கில் 2016-இலும், கெர்ஸ்ட்ஹைமில் 2019-இலும் மீன் ஏணிகள் (அணையைத் தாண்டி மீன் ஏறிச் செல்லும் படிவழிகள்) திறந்தன. ஆற்றின் கடல் வாசலில் வெள்ளத்துக்குப் பயந்து மூடி வைத்திருந்த ஹாரிங்ஃப்லீட் மதகுகளை நெதர்லாந்து 2018-இலிருந்து கொஞ்சம் திறந்து வைக்கிறது.

இஃபெட்ஸ்ஹைமில் கணக்கெடுக்கப்படுவது இன்னும் ஆண்டுக்குச் சில டஜனிலிருந்து ஓரிரு நூறு வரைதான். அதற்கு மேலே அல்சாஸ் அணைகள் தொடர்ந்து நிற்கின்றன. அவற்றையெல்லாம் கடந்து பாசலுக்கு மீன் தானாக வந்து, அங்கேயே பெருகும்வரை வேலை முடிந்ததாகச் சொல்லக் கூடாது. வெற்றிக் கதை என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வது அந்த மீனுக்குச் செய்யும் அநியாயம்.

ரைன் மீனைச் சாப்பிடலாமா? தண்ணீரைக் குடிக்கலாமா?

விலாங்கைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். சேற்றில் படிந்த பழைய நச்சு அதன் கொழுப்பில் சேர்கிறது. நெதர்லாந்து 2011-இலிருந்து பெரிய ஆறுகளில் விலாங்கு பிடிப்பதைத் தடை செய்திருக்கிறது. தண்ணீரை நேரே குடிக்க முடியாது, ஆனால் கோடிக்கணக்கானோர் குடிப்பது இந்த ஆற்றுப் படுகையின் நீரைத்தான். டூசல்டார்ஃபில் 1870-இலிருந்தே கரையோரம் கிணறு தோண்டி, மணலில் வடிந்து வரும் நீரை எடுக்கிறார்கள்.

கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் எந்தப் பகுதியில்?

பிங்கனிலிருந்து கோப்லென்ஸ்வரை சுமார் 65 கிலோமீட்டர். 2002-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஸ்லேட் பாறைச் சரிவு பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் கொடுக்கிறது, அதனால் ரீஸ்லிங் திராட்சை இவ்வளவு வடக்கிலும் பழுக்கிறது. ஆனால் சரிவு மிகச் செங்குத்து. டிராக்டர் ஏறாது. கையால் பறிக்க வேண்டும். பல கொல்லைகளைப் பிள்ளைகள் தொடராமல் விட்டதால் முட்புதர் மண்டிக் கிடக்கின்றன.

மைன்ஸுக்கும் கோப்லென்ஸுக்கும் இடையே பாலமே கிடையாது. எதிர்க்கரையில் வேலை கிடைத்தால் கார்ப்படகு நேரத்தைப் பார்த்துத்தான் வாழ வேண்டும். கடைசிப் படகு போய்விட்டால் நீண்ட சுற்று. பாலம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் பல காலமாகக் கேட்கிறார்கள். காட்சி கெடும் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். இரு கரையிலும் இரவெல்லாம் சரக்கு ரயில் ஓடுகிறது, குறுகிய பள்ளத்தாக்கில் அந்தச் சத்தம் எதிரொலிக்கிறது. படங்களில் இது தெரியாது. அங்கே வாழ்பவர்கள் முதலில் சொல்வதோ இதைத்தான்.

காவுப் ஊரின் நீர்மட்ட அளவுகோல் 30 சென்டிமீட்டர் என்று செய்தி வந்தால், ஆற்றில் ஒரு முழம்கூட ஆழமில்லை என்று பொருளா?

இல்லை. அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடியில் இல்லை. கப்பல் தடத்தில் அந்த எண்ணோடு இன்னும் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆழம் இருக்கும். காவுப் பகுதியில் பாறை காரணமாக ஆழம் குறைவு. அங்கே கடக்க முடிந்த அளவுதான் கீழிருந்து மேலே போகும் எல்லாக் கப்பலுக்கும் வரம்பு. 2018 அக்டோபரில் 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. கப்பல்கள் கால்பங்கும் ஏற்ற முடியாமல் ஓடின. லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப் வேதிப்பொருள் நிறுவனம் உற்பத்தியைக் குறைத்தது; தெற்கு ஜெர்மனியில் பெட்ரோல் பங்குகள் வறண்டன. 2022 ஆகஸ்டிலும் ஏறக்குறைய அதே நிலை. ஆல்ப்ஸ் பனியாறுகள் சுருங்கச் சுருங்க, கோடைக்குக் கைகொடுக்கும் நீரும் குறையும் என்பதே கப்பல்காரர்களின் பெரிய கவலை.

வெள்ளத்துக்கு என்ன செய்கிறார்கள்?

1993 கிறிஸ்துமஸில் கொலோன் மூழ்கியது. பதின்மூன்றே மாதத்தில், 1995 ஜனவரியில், அளவுகோலில் நீர்மட்டம் 10.69 மீட்டருக்கு ஏறி மறுபடியும் மூழ்கியது. நெதர்லாந்தில் கரை உடையும் என்று பயந்து இரண்டரை லட்சம் மக்களையும் அவர்களுடைய மாடுகளையும் வெளியேற்றினார்கள். கரையை இன்னும் உயர்த்துவதே அதுவரை வழக்கம். டச்சுக்காரர்கள் அப்போது முறையை மாற்றி, ஆற்றுக்கு இடம் விடுவது என்று முடிவெடுத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நைமேகனில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே நகர்த்தி, பக்கத்தில் புது வாய்க்கால் வெட்டினார்கள். லென்ட் பகுதியில் ஐம்பது வீடுகள் அளவுக்கு இடிபட்டன. ஈடு கொடுத்தாலும், தாத்தா கட்டிய வீட்டை ஆற்றுக்கு விட்டுக்கொடுப்பது சின்ன விஷயமில்லை. மேலேயுள்ள ஜெர்மனியிலும் பழைய வெள்ளச் சமவெளிகளை மீண்டும் ஆற்றுக்குத் திறக்கிறார்கள். அங்கே விவசாயிகளின் எதிர்ப்பும் செலவும் காரணமாக வேலை மெதுவாக நடக்கிறது.

ஒரே நாளில் ரைனைப் பார்க்க எங்கே போகலாம்?

மைன்ஸிலிருந்து கோப்லென்ஸுக்கு இடது கரை வழியாகப் போகும் உள்ளூர் ரயிலில் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான். சாங்ட் கோவாரில் இறங்கி, கார்ப்படகில் எதிர்க்கரைக்குப் போய் லோரலை பாறை மேல் ஏறலாம். கீழே ஆறு இறுகி வளைவதும், நீண்ட கப்பல்கள் பின்பகுதி வெளித்தள்ள அந்த வளைவில் திரும்புவதும் தெரியும். செப்டம்பர் நல்ல மாதம். நீர் மிகவும் குறைந்த ஆண்டில் சொகுசுக் கப்பல் பயணம் பதிவு செய்திருந்தால், வழியில் ஒரு பகுதியைப் பேருந்தில் கடக்க வேண்டி வரலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.